ஒரு டன் என்று எழுதியிருந்தால் ஒரு டன்தானா?

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் பிரஸ் டூலும் மோல்டும் செய்யும் நண்பர் ஒருவர் இருக்கிறார். காவேரிப்பட்டணத்துக்காரர், இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. சில மாதங்களுக்கு முன் போன் செய்தார். "அண்ணா, ஒரு டன் ஹாய்ஸ்ட் ஒண்ணு வாங்கணும். எஸ்.பி. ரோட்டுக்கு ஒரு நடை வர்றீங்களா?" சுமையைத் தூக்கி இறக்கும் கருவிதான் ஹாய்ஸ்ட், அது விற்கும் கடைகள் எஸ்.பி. ரோட்டில் இருக்கின்றன. வருகிறேன், ஆனால் முதலில் உங்கள் ஷெட்டைப் பார்க்கணும் என்றேன். "ஷெட்ல பார்க்க என்னண்ணா இருக்கு? ஹாய்ஸ்ட் கடையில இல்ல இருக்கு!" என்று சிரித்தார்.

கடையில் இருக்கும் ஹாய்ஸ்ட் மேல் '1 டன்' என்று எழுதியிருக்கும். நல்ல தயாரிப்பாக இருந்தால் அது உண்மைதான். ஆனால் அந்த எண் தன் கொக்கிக்கும் செயினுக்கும் கியருக்கும் மட்டுமே பொறுப்பேற்கிறது. கொக்கிக்குக் கீழே என்ன தொங்குகிறது, மேலே எதில் மாட்டியிருக்கிறது, ஒரு நாளில் எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதனால் ஹாய்ஸ்டை மதிப்பிட நினைப்பவர் சுமையில் தொடங்கி, ஒவ்வொரு கண்ணியாக மேலே ஏறி, கூரைவரை போய்த்தான் ஆக வேண்டும்.

சுமையிலேயே முதல் தவறு நடக்கிறது. "உங்க பெரிய டை எவ்வளவு வெயிட்?" என்று கேட்டேன். டை என்றால் பிரஸ்ஸில் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் இரும்பு அச்சு. "எழுநூறு கிலோ இருக்கும்" என்றார், தயங்காமல். டேப்பை எடுத்து அளந்தோம்: 600 மில்லிமீட்டர் நீளம், 500 அகலம், 400 உயரம். இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. மில்லிமீட்டரை நூறால் வகுத்துக்கொண்டு பெருக்கினால் கன அளவு லிட்டரில் வந்துவிடும்: 6 × 5 × 4 = 120 லிட்டர். ஒரு லிட்டர் இரும்பு 7.85 கிலோ. ஆக 942 கிலோ. குடைந்தெடுத்த இடங்களுக்குக் கொஞ்சம் கழித்தாலும், சுமையைக் கொக்கியில் மாட்டும் ஸ்லிங், அதை இணைக்கும் ஷேக்கிள் வளையம் எல்லாம் சேர்த்தால் அது திரும்பி வந்துவிடும். கண்ணால் எடை சொல்பவர்கள் பெரும்பாலும் குறைத்தேதான் சொல்கிறார்கள். இரும்பு சின்னதாக இருந்துகொண்டு கனக்கிற பொருள், கண் ஏமாறுகிறது.

அடுத்தது ஸ்லிங். இரண்டு கால் ஸ்லிங்கில் ஆளுக்குப் பாதி என்று நினைப்பது கால்கள் நேர்குத்தாகத் தொங்கும்போது மட்டும் சரி. கால்கள் தரைமட்டத்தோடு 60 டிகிரியில் விரிந்தால் ஒவ்வொரு காலிலும் சுமையின் 58 சதவீதம், 45 டிகிரியில் 71 சதவீதம். 30 டிகிரிக்குத் தாழ்ந்துவிட்டால் ஒவ்வொரு காலும் முழுச் சுமையையே தாங்குகிறது. இரண்டு கால் போட்டு மிச்சம் பிடித்தது ஒன்றுமில்லை. உயரம் போதாத ஷெட்டுகளில் ஸ்லிங்கைக் குட்டையாகக் கட்டுவார்கள், கோணம் தானாகத் தாழ்ந்துவிடும்.

சரி, ஹாய்ஸ்டுக்கு வருவோம். கையால் இழுக்கும் ஹாய்ஸ்டான செயின் பிளாக்கின் கதை 19ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. தாமஸ் வெஸ்டன் என்பவர் 1859இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிய கப்பி, ஒரே அச்சில் இரண்டு சக்கரங்களைக் கொண்டது. ஒன்று இன்னொன்றைவிடக் கொஞ்சம் சிறியது. பெரிய சக்கரத்தில் 10 குழி, சின்னதில் 9 குழி என்றால், கணக்குப்படி ஒரு பங்கு இழுப்புக்கு இருபது பங்கு சுமை. உராய்வில் பாதிக்கு மேல் வீணாகிவிடும். ஆனால் அந்த வீண்தான் அதன் பாதுகாப்பும்: கையை விட்டாலும் சுமை தானாக இறங்காது. இன்றைய செயின் பிளாக் கியர் வைத்தது, வீணாவது குறைவு. அதனால் சுமையைப் பிடித்து நிறுத்தத் தனி பிரேக் வேண்டியிருக்கிறது. அதற்கும் வெஸ்டன் பிரேக் என்றே பெயர். தொங்கும் சுமையே ஒரு திருகை இறுக்கி, அந்த இறுக்கம் உராய்வுத் தட்டுகளை நெருக்குகிறது. சுமை கூடக்கூடப் பிடியும் கூடும்.

இதில் காதால் பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது. மேலே ஏற்றும்போது, ஒரு பக்கம் மட்டும் சுற்றவிடும் பல்சக்கரமான ராட்செட்டின் 'டிக் டிக்' சத்தம் சீராக வர வேண்டும். இறக்கும்போது வராது. ஏற்றும்போதே சத்தம் இல்லையென்றால், ராட்செட்டின் நாக்கு பிசுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், ஸ்பிரிங் போயிருக்கலாம். அந்தப் பிளாக்கை அப்போதே கழற்றிவைத்துவிட வேண்டும். பல வருடங்களுக்கு முன் ராஜாஜிநகரில் நான் வேலை பார்த்த ஒரு ஷெட்டில், நல்ல எண்ணத்தோடு யாரோ செயின் பிளாக் முழுவதற்கும் கிரீஸ் அடித்துவிட்டார்கள், பிரேக் தட்டையும் விட்டுவைக்காமல். லேத் சக் ஒன்றைத் தொங்கவிட்டோம். அது விழவில்லை, மெதுவாக, வெட்கப்படுவதுபோல, விரல் விரலாக இறங்கிக்கொண்டே வந்தது. கீழே யாரும் கை வைக்கவில்லை என்பது அன்றைய அதிர்ஷ்டம். செயினுக்கு எண்ணெய் உயிர், பிரேக் தட்டுக்கு அதுவே விஷம்.

கைப்பிளாக்கின் உண்மையான திறனைக் கையே சொல்லிவிடும். ஒரு டன்னை ஒரு மீட்டர் ஏற்ற, கிட்டத்தட்ட முப்பது கிலோ இழுப்பில், கைச்செயினை 40 மீட்டருக்கு மேல் இழுத்தாக வேண்டும். இயற்கை அதில் தள்ளுபடி தருவதில்லை. "இது லேசா இழுக்கும், சீக்கிரமும் ஏறும்" என்று விற்பவர் சொன்னால் இரண்டில் ஒன்று பொய். அதேபோல் ஒரு டன் பிளாக்கில் ஒரே கைச்செயினை இரண்டு பேர் சேர்ந்து இழுக்க வேண்டி வந்தால், சுமை அளவை மீறிவிட்டது அல்லது உள்ளே ஏதோ கெட்டிருக்கிறது. மூன்றாவது ஆளைக் கூப்பிடும் நேரமில்லை அது.

மின் ஹாய்ஸ்டில் இதே வேலையைப் பெயர்ப்பலகை செய்யும். டன்னையும் நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்ற வேகத்தையும் பெருக்கி ஐந்தால் வகுங்கள். தோராயமாக எத்தனை கிலோவாட் மோட்டார் வேண்டும் என்று வந்துவிடும். ஒரு டன், 4 மீட்டர் வேகம்: 0.8 கிலோவாட். இரண்டு டன், 6 மீட்டர்: 2.4 கிலோவாட். இரண்டு டன்னை 6 மீட்டர் வேகத்தில் தூக்குவதாகச் சொல்லும் பலகையில் மோட்டார் 1.5 கிலோவாட் என்று இருந்தால், எங்கோ ஓர் எண் பெயின்டரின் கைவண்ணம். கடைக்காரரிடம் சண்டை போட வேண்டியதில்லை, நகர்ந்துவிடலாம்.

செயினையும் இப்படி நாமே சரிபார்க்கலாம். ஹாய்ஸ்டுக்கு வரும் செயின் கிரேடு 80: அறுபடும்போது சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன். 6 மில்லிமீட்டர் கம்பியில் செய்த கண்ணியின் இரண்டு கால்களும் சேர்ந்து சுமார் 4.6 டன்னில் அறும். ஒரு டன் ஹாய்ஸ்டில் ஒற்றைச் செயினாக இது தொங்கும்போது நாலரை மடங்கு காப்பு இருக்கிறது. ஹார்டுவேர் கடைச் செயின் கிரேடு 30ஆக இருந்தால், அதே தடிமனில் இதில் பாதிகூடத் தேறாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், அதனால்தான் கண்ணிகளில் கிரேடு முத்திரையைத் தேடுகிறோம். எஃகு ரோப்பானால் 8 மில்லிமீட்டரில் அறுபடும் சுமை சுமார் 3.8 டன், ஐந்து மடங்கு காப்பு வைத்தால் ஒற்றை ரோப்பில் 750 கிலோதான். ஒரு டன் தூக்க இரண்டு மடிப்பாகப் போட வேண்டும்.

மடிப்பு என்றதும் ஒரு எச்சரிக்கை. ஒற்றைச் செயின் ஹாய்ஸ்டில் கீழே ஒரு கப்பியை மாட்டி இரட்டை மடிப்பாக்கி, "ஒரு டன் இப்போ ரெண்டு டன் ஆயிடுச்சு" என்று சொல்லும் வித்தை பழைய மெஷின் வியாபாரத்தில் உண்டு. செயினைப் பொறுத்தவரை அது சரிதான். ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு டன்தான். ஆனால் மேல் கொக்கியும் உடல் கூடும் ஒரு டன்னுக்குச் செய்தவை, அவற்றின்மேல் இப்போது இரண்டு டன் தொங்குகிறது. தயாரிப்பாளரே இரட்டை மடிப்புக்குச் செய்திருந்தால் மேல் பாகத்தையும் அதற்கேற்ப மாற்றியிருப்பார்.

கொக்கியைப் பற்றி நண்பரின் அப்பா சொன்னது எனக்குப் பிடித்துப்போயிற்று. மகனைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்தார். பழைய பிளாக்கின் கொக்கியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கமலையில எங்க வடம் உருளை மேல ஏறுதோ அங்கதான் முதல்ல தேயும். இதுலயும் ஒக்காருற எடத்தைப் பாரு" என்றார். கமலை ஓட்டியவர்களுக்குப் பொறியியல் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்ல கொக்கி சட்டென்று உடைவதில்லை. அளவுக்கு மீறினால் வாய் மெல்லத் திறந்து எச்சரிக்கும்படிதான் அதைச் செய்கிறார்கள். புதிதாக வாங்கிய அன்றே வாயின் அகலத்தை அளந்து எழுதிவைத்தால், பின்னால் விரிவு தெரிந்துவிடும். விரிந்ததைச் சூடாக்கி அடித்து வளைப்பதும், தேய்ந்த இடத்தில் வெல்டு பூசுவதும் கொக்கியைக் கொல்லும் வேலைகள். செயினைப் பதினோரு கண்ணிகளாக அளந்துவைக்கலாம். மூன்று சதவீதம் நீண்டுவிட்டால் மாற்றியாக வேண்டும் என்பது பொதுவான வரம்பு, சில தயாரிப்பாளர்கள் இரண்டிலேயே நிறுத்துகிறார்கள்.

இத்தனையும் தேறிய பிறகும், கடையில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது: ஒரு நாளைக்கு எத்தனை தடவை? எம்3, எம்4, எம்5 என்று பலகையில் ஒரு குறி இருக்கும், அதுதான் வேலை வகுப்பு. முழுச் சுமையில் எம்3 ஹாய்ஸ்டின் வடிவமைப்பு ஆயுள் 400 மணி நேரம், எம்4க்கு 800, எம்5க்கு 1,600. ஸ்விட்சை அழுத்துவதற்கும் கணக்கு உண்டு: எம்3க்கு மணிக்கு 150 தடவை, எம்5க்கு 240.

400 மணி நேரம் என்றால் என்ன என்று பார்ப்போம். மெஷினில் வார்ப்புகளை ஏற்றி இறக்கும் ஒரு கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 120 தடவை, ஒவ்வொன்றிலும் ஏற்றமும் இறக்கமுமாக ஒரு நிமிட ஓட்டம். நாளுக்கு இரண்டு மணி நேரம், வருடத்தில் 300 நாள் என்றால் 600 மணி நேரம். ஒவ்வொரு தடவையும் முழுச் சுமை என்றால் எம்3 ஹாய்ஸ்ட் எட்டு மாதத்தில் தன் ஆயுளை முடித்துக்கொள்ளும். "ஓசூர்ல அதே கம்பெனி ஹாய்ஸ்ட் பத்து வருஷமா ஓடுது, எங்களுது ஒரு வருஷத்துல போச்சு" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் விடை.

இதில் ஓர் ஆச்சரியமும் ஒளிந்திருக்கிறது. தேய்மானம் சுமையின் மூன்றாம் அடுக்கில் கூடுகிறது. சுமையைப் பாதியாக்கினால் தேய்மானம் எட்டில் ஒரு பங்கு. அதே எம்3 ஹாய்ஸ்ட் பாதிச் சுமையில் 3,200 மணி நேரம் உழைக்கும், அதாவது அந்தக் கடையில் ஐந்து வருடத்துக்கு மேல். ஓயாத வேலை உள்ள இடத்தில் இரட்டைத் திறனில் வாங்குவது வீண்செலவில்லை. என்ன, பலகையில் இரண்டு டன் என்று இருந்தால் என்றைக்காவது ஒருநாள் யாராவது இரண்டு டன்னை மாட்டுவார்கள். மேலே இருக்கும் பீம் ஒரு டன்னுக்குப் போட்டதாக இருக்கும்.

நண்பரின் கடையில் தடவைகள் குறைவு, நாளைக்குப் பத்துப் பன்னிரண்டுதான். அங்கே தொல்லை வேறு. டையைப் பிரஸ்ஸின் மேடையில் உட்காரவைக்க, பொத்தானைத் தட்டித் தட்டி மில்லிமீட்டர் மில்லிமீட்டராக இறக்குகிறார்கள். ஒவ்வொரு தட்டலும் மோட்டாருக்கு ஒரு ஸ்டார்ட், பிரேக்குக்கு ஒரு அடி. இதற்குப் பெரிய டன் தேவையில்லை, இரண்டு வேகம் தேவை: ஏற்றுவதற்கு 4 மீட்டர், உட்காரவைப்பதற்கு 1 மீட்டர். கடையில் இதைச் சொன்னபோது விற்பனையாளர், "சிங்கிள் ஸ்பீடே சாகு சார், ஏனூ ஆகல்ல" என்று கன்னடத்தில் ஆறுதல் சொன்னார். ஒரே வேகம் போதுமாம், ஒன்றும் ஆகாதாம். ஆகும்போது அவர் அங்கே இருக்கப்போவதில்லை.

இப்போது நான் ஷெட்டைப் பார்க்க வேண்டும் என்றதற்கான காரணம். நண்பரிடம் ஏற்கெனவே ஒரு பீம் இருந்தது: 150 மில்லிமீட்டர் உயர ஐ-பீம், இரண்டு தூண்களுக்கு நடுவே 6 மீட்டர் நீளம். முந்தைய குத்தகைக்காரர் போட்டது. பார்க்கத் தடித்துத்தான் இருந்தது. நடுவில் ஒரு டன் தொங்கினால் அதில் வரும் வளைவு அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு 152 நியூட்டன். பக்கவாட்டில் நன்றாகப் பிடித்துவைத்த பீமுக்கே அனுமதி 165தான். நம் கணக்கில் ஹாய்ஸ்டின் எடை, அதைப் பீமில் உருட்டிச் செல்லும் ட்ராலியின் எடை, தூக்கும்போது வரும் குலுக்கல் எதையும் இன்னும் சேர்க்கவில்லை. தொய்வு 30 மில்லிமீட்டர். அப்படித் தொய்ந்த பீமில் ட்ராலி எங்கே நிறுத்தினாலும் நடுவுக்கே உருண்டு வரும்.

"அப்போ 200 பீம் போட்டா சரியாயிடுமா?" என்றார். வளைவுக் கணக்கில் ஆகும்: அழுத்தம் 66, தொய்வு 10 மில்லிமீட்டர். நானும் அத்தோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் கணக்கைப் பார்த்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் தலையாட்டவில்லை. 6 மீட்டருக்கு நடுவில் பக்கவாட்டுப் பிடிப்பே இல்லாத பீமின் மேல் விளிம்பு, அழுத்தத்தில் நேராக நிற்காமல் பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டு விலகப் பார்க்கும், நிற்கவைத்த ஸ்கேலை மேலிருந்து அழுத்தினால் பக்கவாட்டில் வளைவதுபோல. அந்தக் காரணத்தால் அனுமதிக்கும் அழுத்தம் 165லிருந்து 65க்குப் பக்கத்தில் இறங்கிவிடுகிறது. குலுக்கலும் ஹாய்ஸ்ட் எடையும் சேர்த்தால் 200 பீமில் வருவது 90. அவர் 250 பீமைப் போடச் சொன்னார், அதைக் கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டமான டிரஸ்ஸோடு சம்பந்தமே இல்லாமல் தனித் தூண்களில் நிறுத்தச் சொன்னார்.

கூரை டிரஸ்ஸைப் பற்றி அவ்வளவு கறாராக இருந்ததில் நியாயம் உண்டு. பீன்யா போன்ற பேட்டைகளில் வாடகை ஷெட்டின் டிரஸ், ஷீட்டின் எடைக்கும் காற்றுக்கும் கணக்குப் போட்டு நிறுத்தியது. அதன் கீழ் ஆங்கிளில் ஒரு ஷேக்கிளைக் கோத்து செயின் பிளாக்கை மாட்டுவது அன்றாடக் காட்சி. இருநூறு கிலோ மோட்டாரைத் தூக்கும்வரை ஒன்றும் ஆகாது. அதைப் பார்த்துத் தைரியம் வந்து, ஒருநாள் எண்ணூறு கிலோ வரும்.

மோட்டார் மெக்கானிக் கடைகளின் மடக்கு இன்ஜின் கிரேனுக்கும் இதே விதிதான், ஆனால் அது தன் பலவீனத்தை மறைப்பதில்லை. 'இரண்டு டன்' கிரேனின் கையை வெளியே இழுக்க இழுக்க, துளைகளுக்குப் பக்கத்தில் ஒன்றரை, ஒன்று, அரை என்று எழுதியிருப்பார்கள். லாரி இன்ஜினை எட்டக் கையை முழுதாக நீட்டியவுடன் இரண்டு டன் கிரேன் அரை டன் கிரேனாகிவிடுகிறது.

சட்டம் இதில் எங்கே வருகிறது? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு தூக்கும் எந்திரம், செயின், ரோப் எல்லாவற்றையும் தகுதியுள்ள ஒருவர் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது முழுமையாகச் சோதிக்க வேண்டும், பாதுகாப்பான சுமையைத் தெளிவாக எழுதிவைக்க வேண்டும் என்றது. ('ஹாய்ஸ்ட்' என்ற தலைப்பில் வரும் 28ஆம் பிரிவு லிஃப்டைப் பற்றியதாக இருந்தது, ஆறு மாதச் சோதனை, இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.) மின்சாரம் வைத்து 10 பேர் வேலை செய்தால் தொழிற்சாலை என்றது அந்தச் சட்டம். 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த வரம்பை 20 ஆக்கியது. நண்பரிடம் பதினான்கு பேர். சட்டத்தின் எண் எதுவானாலும், அவர் பீமை முதலில் பார்க்க வேண்டியவர் அவரேதான்.

கடைசியில் வாங்கியது அவர் முதலில் கேட்ட அதே ஒரு டன்தான்: எம்4 வகுப்பு, இரண்டு வேகம், மின்சாரம் போனால் ஸ்பிரிங் தானாகப் பிடிக்கும் பிரேக், மேலேயும் கீழேயும் எல்லை வந்ததும் ஓட்டத்தை நிறுத்தும் லிமிட் சுவிட்ச். ஒன்றேகால் மடங்கு சுமையில் சோதித்த சான்றிதழைக் கேட்டு வாங்கினோம். அதில் இருந்த சீரியல் எண்ணும் பலகையில் இருந்த எண்ணும் ஒன்றா என்று வாசலிலேயே சரிபார்த்தோம். சுமை மீறினால் வழுக்கிவிடும் ஓவர்லோடு கிளட்சின் நட்டில் பெயின்ட் குறி போட்டுவைத்திருக்கிறோம். 'கொஞ்சம் கூடத் தூக்கட்டும்' என்று யாராவது முறுக்கினால் தெரிந்துவிடும். பீமின் இரண்டு பக்கமும் '1 டன்' என்று கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் எழுதச் சொன்னார் நண்பர். பெயின்டர் கொஞ்சம் தாராளமாகவே எழுதிவிட்டார். எதிர்ச் சாரி டீக்கடையிலிருந்தே படிக்க முடிகிறது.